சித்தி, இது என்ன செடி?

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும் நான் "அக்கா" என்றேன், நீ "ம்" என்றாய், அப்புறம் இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். அதனால்தான் கடிதம். காகிதத்தில் நான் அழுதால் உனக்குக் கேட்காது.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உனக்கு அந்தக் கவலை இருக்கும். பஸ் பணிமனைக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டார். அங்கே இரும்புச் சத்தத்தில் யாரும் யாரிடமும் துக்கம் விசாரிக்க முடியாது, அதுவே நிம்மதி என்கிறார். ரத்த அழுத்த மாத்திரையை நான் கையில் கொடுத்துவிட்டு, அவர் விழுங்கும்வரை நகர்வதில்லை. சாப்பாடு இரண்டு வேளையும் மேலே என் வீட்டில்தான். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நம் பிள்ளை வாலுவின் அறைக் கதவை மூடவும் விடமாட்டேன் என்கிறார், உள்ளே போகவும் மாட்டேன் என்கிறார். அது பாதி திறந்தே கிடக்கிறது. ஜன்னல் வழியாக மழைச்சாரல் அடித்து அவன் மேஜையெல்லாம் ஈரம். நான்தான் போய்த் துடைத்தேன். அவன் சட்டைகளைத் துவைக்கவில்லை. நீ வந்து சொல்லும்வரை துவைக்கப் போவதுமில்லை.

போன வாரம் நீ அனுப்பிய ஒற்றை வரி வந்தது. "உண்மையச் சொல்லு. உடனேதானா?"

அதை அத்தானிடம் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார் அக்கா. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. அவ்வளவு தூரத்துல தனியா கெடக்கிறா. அந்த நெனப்போட எப்படித் தூங்குவா?" என்றார். விழுந்த உடனே போய்விட்டான், அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று டாக்டர் உன்னிடம் போனில் சொன்னாரே, அது அத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த டாக்டரம்மாவின் முன்னால் நின்று கெஞ்சி வாங்கிய வார்த்தை. அவர் மேல் கோபப்படாதே. தான் சுமக்கிறதை நீயும் சுமக்க வேண்டாம் என்று நினைத்தார், அவ்வளவுதான்.

ஆனால் நீ நர்ஸ். கட்டிலோரம் நின்று எத்தனை குடும்பங்களுக்கு இதே வார்த்தையை நீயே சொல்லியிருப்பாய். அது எதற்காகச் சொல்லப்படுகிற வார்த்தை என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறாய். பொய் என்று தெரிந்துவிட்ட பிறகு, உண்மை எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளைத் தின்னும். அத்தானிடம், நான் எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கீழே போனார்.

உடனே இல்லை அக்கா.

இதற்கு மேல் படிப்பதற்கு முன், உன் அறைத் தோழியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

என் வேலையைப் பற்றி உனக்கு அரைகுறையாகத் தெரியும். காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி அலமாரி அலமாரியாக வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மலையேறுகிறவர்கள் வழியில் பார்த்த செடியைப் படமெடுத்து அனுப்புவார்கள். இன்ன செடி என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. வாலு அதைப் பார்த்தே வளர்ந்தான். நீ வெளிநாட்டு வேலைக்குப் போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். மாலையில் என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் லீவு கிடைத்தால் மலைதான். அங்கிருந்து படம் வரும். "சித்தி, இது என்ன செடி?"

பூவை மட்டும் எடுத்து அனுப்பினால் நான் திட்டுவேன். பக்கவாட்டில் ஒன்று, தண்டு ஒன்று, இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒன்று என்று எடுக்க வேண்டும். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வை என்றால், "அதான் என் கட்டைவிரல் இருக்கே" என்பான். கடையில் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பட்டு நகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டே, அந்தக் கட்டைவிரல். ஒரு தடவை பிளாஸ்டிக் பூ ஒன்றைப் புதரில் செருகி எடுத்து அனுப்பினான். நானும் பெரிய மனுஷியாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். "இலையில தையல் தெரியுதுடா, கழுதை" என்று எழுதினேன். கடையில் எல்லோரிடமும் காட்டிச் சிரித்திருக்கிறான்.

அந்தச் சனிக்கிழமை அவன் தனியாகப் போனான். கூட வருவதாக இருந்த நண்பனுக்குக் காய்ச்சல். வழக்கமான புல்வெளிப் பாதை என்று அத்தானிடம் சொல்லியிருந்தான். காலையில் புல்லுக்கு நடுவே இருந்த ஒரு தரை ஆர்க்கிட் படம் வந்தது. நான் பெயர் சொன்னேன். மதியத்துக்கு மேல் இன்னொன்று வந்தது. தண்ணீர் கசியும் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காசித்தும்பை வகை. "இலைக்கு அடியில சிவப்பா இருக்கு பாத்தியா?" என்று எழுதியிருந்தான். அதற்கும் பதில் போட்டேன். அந்தப் பதில் அவனைப் போய்ச் சேரவில்லை.

இரவு திரும்பவில்லை. ஞாயிறு காலையில் நானும் அத்தானும் மலையடிவாரத்தில் இருந்தோம். தேடுகிறவர்கள் அதற்குள் புல்வெளிப் பக்கம் ஏறிவிட்டார்கள். அவன் சொல்லிவிட்டுப் போனது அந்த வழிதானே. எனக்கு அந்த இரண்டாவது படம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் செடிக்கு நாள் பூராவும் வெயில் படுகிற இடம் ஆகாது. பாறையில் ஓயாமல் தண்ணீர் வடிய வேண்டும். புல்வெளிப் பக்கம் அது முளைக்காது. அலமாரியில் இருந்த பழைய அட்டைகளைப் படமெடுத்து அனுப்பும்படி, பக்கத்து மேஜைக்காரரை லீவு நாளில் அலுவலகத்துக்குப் போகச் சொல்லிக் கேட்டேன். அந்த மலையில் அதைச் சேகரித்தவர்கள் எல்லோரும், அட்டையில் எழுதியிருந்தபடி, வடக்குப் பள்ளத்தாக்கில்தான் சேகரித்திருந்தார்கள்.

தேடல் குழுத் தலைவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். வரைபடம் விரித்திருந்த மேஜையில் என் போனை வைத்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நிச்சயமா சொல்றீங்களாம்மா? இந்தப் பக்கம் இருக்கிற ஆளுங்களை நான் கீழ எறக்கணும்" என்றார். நிச்சயம் என்றேன். மறுபேச்சு இல்லாமல் வாக்கி டாக்கியை எடுத்தார். நல்ல மனிதர் அக்கா. யார் மேலாவது குற்றம் சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருக்கும். சொல்வதற்கு ஆளே இல்லை.

ஆட்கள் இறங்கி, சுற்றி, அந்தப் பள்ளத்தாக்கின் வாய்க்கு வந்தபோது பனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியாத பனி. கேப்டன் கயிறு கட்டிக்கொண்டு தானே கொஞ்ச தூரம் போனார். கூடப் போனவர் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதும் திரும்பிவிட்டார்கள். அன்றும் விலகவில்லை, மறுநாளும் விலகவில்லை. மலையடிவாரத்தில் போட்டிருந்த கொட்டகையில் அத்தான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ தேநீர் கொடுப்பார்கள், அது ஆறிப்போகும், யாரோ எடுத்துப் போவார்கள். அப்போதெல்லாம் நீ போன் பண்ணிக்கொண்டே இருந்தாய். உன் பயணக் காகிதங்கள் அங்கே ஏதோ அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. "பனி விலகிடுச்சா?" என்று நீ கேட்டதையும், "இன்னும் இல்ல" என்று நான் சொன்னதையும் தவிர நாம் வேறெதுவும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெளிச்சம் வந்ததுமே ஏறிவிட்டார்கள். மதியம் தாண்டித் தகவல் வந்தது. பாறைக்கு அடியில், தண்ணீர் வடிகிற இடத்துக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். இதுவரை உனக்குத் தெரியும்.

இனி தெரியாதது.

அவன் போன் பாக்கெட்டில் இருந்தது. ஈரத்தில் செத்துப்போயிருந்தது. எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, அதில் அவன் படம் ஏதாவது இருக்கும் என்று அத்தான் ஆசைப்பட்டார். நான் அதை அவன் வேலை செய்த கடைக்கே எடுத்துப் போனேன். கடை முதலாளி, வாலு உட்கார்ந்து வேலை பார்த்த அதே பெஞ்சில் வைத்துத் திறந்தார். பஞ்சால் துடைத்து, சூடு காட்டி, வேறு பேட்டரி மாட்டினார். போன் உயிர் பெற்றது. திரையில் வெளிச்சம் வந்து, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின.

அப்போது என் கைப்பைக்குள் என் போன் சத்தம் போட ஆரம்பித்தது.

ஒன்று அடித்து முடிப்பதற்குள் இன்னொன்று. எடுத்துப் பார்த்தேன். வாலு. வாலு. வாலு. சிக்னல் இல்லாத இடத்திலிருந்து அவன் அனுப்பி, போக வழியில்லாமல் அந்தப் போனுக்குள்ளேயே அடைந்து கிடந்ததெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"சித்தி, சறுக்கிட்டேன். கால் சரியில்ல. பயப்படாத. சிக்னல் இல்ல, வந்ததும் இது தானா போயிடும். அம்மாகிட்ட சொல்லாத, வந்து நானே சொல்லிக்கிறேன்."

அடுத்து ஒரு படம். பாறை இடுக்கில் ஒரு சின்னச் செடி, ஒரே ஒரு நீலப் பூ, பக்கத்தில் அவன் கட்டைவிரல். "தலைக்குப் பக்கத்துல இருக்கு. சும்மா கெடக்கிறதுக்கு இதையாவது சொல்லு. சித்தி, இது என்ன செடி?"

அதே செடி திரும்பவும். பூ மூடிக்கொண்டிருக்கிறது. "மூடிக்கிச்சு. செத்துப்போச்சா?"

"பனி. ஒண்ணுமே தெரியல. சத்தம் போட்டுப் பாத்தேன், என் கொரலே திரும்பி வருது."

"தண்ணிக்குக் கவலையில்ல. பாறையில வடியுது, நக்கிக் குடிக்கிறேன். சிரிக்காத."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைல்ல? அம்மா போன் பண்ணுவாங்க. தூங்கறான்னு சொல்லிடு."

அந்த ஞாயிறு நீ கூப்பிட்டபோதுதான் நாங்கள் உன்னிடம் உண்மையைச் சொன்னோம். அவன் சொல்லச் சொன்ன பொய் எங்கள் கைக்கு அப்போது வந்து சேரவில்லை.

"யாராவது வராங்களா சித்தி?"

அப்புறம் மறுபடி செடி, மூடிய பூ, மங்கலாக. "இலையத் திருப்பி எடுக்கணும்னு பாத்தேன். கை எட்டல. சாரி."

இதைப் படித்தபோது கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் கத்திவிட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை.

ஒவ்வொரு படத்திலும் அந்தக் கட்டைவிரல் இருக்கிறது. முதல் படத்தில் நகக்கண்ணில் மண் மட்டும். அதற்கடுத்ததில் தோல் சுருங்கியிருக்கிறது. பிறகு நகம் நீலம் பாய்ந்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதும் விரலைப் பூவுக்குப் பக்கத்தில் நேராகத்தான் வைத்திருக்கிறான், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

கடைசிப் படத்தில் பூ நன்றாக விரிந்திருக்கிறது. "விரிஞ்சிடுச்சு சித்தி. வெயில் வந்திருக்கு."

அந்தப் பூ பனியிலும் மேகத்திலும் திறக்காது. வெயில் பட்டால்தான் திறக்கும். தேதியைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் பனி விலகி, கேப்டனும் மற்றவர்களும் ஏற ஆரம்பித்தபோது நம் பிள்ளைக்கு உயிர் இருந்தது. அவர்கள் பாதி வழியில் இருந்தபோதும் இருந்திருக்கலாம்.

இதுதான் உண்மை அக்கா. இதைத்தான் அத்தான் உன்னிடமிருந்து மறைத்தார்.

பெஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே நான் அவனுக்குப் பதில் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதே. சாதாரணச் செடிதான், உயரமான மலைகளிலெல்லாம் கிடைக்கிறது. அதன் முழுப் பெயர் வாயில் நுழையாது, எங்கள் அறையில் வெயில்பூ என்றுதான் சொல்வோம். "வெயில்பூடா. சாகல, பனிக்கு மூடிக்கும்" என்று எழுதி அனுப்பினேன். பெஞ்சில் கிடந்த அவன் போன் சத்தம் போட்டது. முதலாளி சட்டென்று அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டரை அப்புறம் தனியாகப் பார்த்தேன். கால் முறிவில் உயிர் போயிருக்காது, குளிர்தான் கொண்டுபோனது என்றார். கடைசியில் குளிர்கூடத் தெரியாது, அசதி மாதிரி வந்து கண்ணைச் செருகிவிடும் என்றார். அது நிஜமா, இல்லை எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நேரில் வரும்போது சொல்.

கேப்டன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "பனி மட்டும் ஒரு நாள் முன்னாடி வெலகியிருந்தா..." என்று ஆரம்பித்தார். அத்தான்தான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பி வைத்தார். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்றே தெரியாமல் போய்விட்டது.

நேற்று வேலைக்குப் போனேன். யார் யாரோ அனுப்பிய படங்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், மலையேறுகிறார்கள், பூவைப் பார்க்கிறார்கள், இது என்ன என்று கேட்கிறார்கள். ஒன்றுக்கும் என்னால் பதில் எழுத முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் பாதியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அவளோட செடிப் பைத்தியந்தான் என் பிள்ளைக்கும் தொத்திக்கிச்சு" என்று நீ அத்தானிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. அவர் சொல்லவில்லை. போனில் உன் குரல் அடுக்களைவரை கேட்டது. நீ சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் நீ சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

உனக்கு அவன் ஒன்றும் அனுப்பவில்லை என்று நீ நினைத்துவிடுவாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலாளிதான் அவன் போனில் உன் பெயரைத் திறந்து என்னிடம் நீட்டினார். கீழே எழுதுகிற கட்டத்தில் "அம்மா" என்று மட்டும் அடித்து, அனுப்பாமல் விட்டிருந்தான். வேறு எதுவும் இல்லை. அதற்கு மேல் எழுதினால் நீ பயந்துவிடுவாய் என்று நினைத்தானோ, இல்லை அதை அடித்ததே அவனுக்குப் போதுமாக இருந்ததோ. எப்போது அடித்தான் என்றும் தெரியவில்லை. அத்தானிடம் நீ திரும்பத் திரும்பக் கேட்டாயே, "என்னைக் கூப்ட்டானா, கூப்ட்டானா" என்று. கூப்பிட்டான் அக்கா. எனக்கு வந்ததெல்லாம் செடியைப் பற்றிய கேள்விதான். கூப்பிட்டது உன்னைத்தான்.

அந்த எழுத்தை நாங்கள் அழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அப்படியே இருக்கிறது. முதலாளி போனுக்கு முழுச் சார்ஜ் ஏற்றி, ஒரு துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்.

உன் காகிதங்கள் வந்துவிட்டன என்று அத்தான் சொன்னார். "இனிமே வந்து யாரைப் பாக்க?" என்று நீ கேட்டாயாம். அத்தானைப் பார்க்க வா. அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது, உனக்கு அடையாளம் தெரியாது. அந்தப் பாதிக் கதவைத் திறக்கவோ மூடவோ வா. இங்கே துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம், "அவன் அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நான், இருக்கா, தைரியமா இருக்கா என்று சொல்லிச் சொல்லி அனுப்புகிறேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொள்கிறேன். என்னால் முடியவில்லை அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வாய் சோறாவது சாப்பிடு. என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

உன் தங்கை